ராணி இல்லாத இரண்டாம் பாகம்

1

கடலூர் மத்திய சிறை
1.6.2025

அன்பு மச்சான் அரசுக்கு,

மணவாளன் எழுதிக்கொண்டது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கேப்பர் மலைக் காற்றுக்கு வெயில் கொஞ்சம் பயந்துதான் நடக்கிறது. நீயும் பவானியும் சுகமாக இருக்கிறீர்களா? கடையில் வேலை வருகிறதா?

முதலில் தலைபோகிற விஷயம். பேப்பரில் பார்த்தேன். ‘ஒன்பதாம் விளக்கு’ இரண்டாம் பாகம் ஜூலை பதினொன்றாம் தேதி வருகிறதாம், தமிழிலும். ஆறு வருஷம் காக்க வைத்துவிட்டான் வெள்ளைக்காரன். முதல் பாகத்தை நானும் உன் அக்காவும் கல்யாணமான மறுவருஷம் கடலூரில் பார்த்தோம். எல்டான் விளக்குக்கு நெருப்புத் தேடிப் படகில் ஏறுகிறான். திரும்பி வருவேன் என்று சொல்கிறான். மைரா ராணி துறைமுகத்தில் கையைத் தூக்கியபடியே உப்புச் சிலையாகிவிடுகிறாள். கடைசியில் அந்தச் சிலையின் இமை லேசாக ஆடியது பார், தியேட்டரே எழுந்து நின்றது. பவானி என் விரலைப் பிடித்து நெரித்த நெரிப்பில் இரண்டு நாள் லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை.

அந்தக் கதையை இங்கே எங்கள் பிளாக்கில் நூறு தடவை சொல்லியிருப்பேன். இருபத்தெட்டுப் பேர் இருக்கிறோம். தேவசகாயம் அண்ணன் தினமும் கஞ்சி வாங்கும்போது, ராணி முழிச்சாளா இல்லையா என்று என்னையே கேட்கிறார். அதனால் நீ முதல் வாரமே பார்த்துவிட்டு எனக்கு ஒவ்வொரு காட்சியாக எழுத வேண்டும். பவானியையும் கூட்டிக்கொண்டு போ.

இரண்டாவது விஷயம். அந்தக் கெட்ட நேரத்து விபத்தால் நான் உள்ளே வந்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. பத்து நாள் பரோல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பண்ருட்டி வீட்டைத்தான் காலி செய்தாயிற்றே, உங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். நன்னடத்தை அலுவலர் வந்து பவானியிடம் விசாரிப்பார். அவள் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு வெளிக்காற்று. அவள் போடுவாள், தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லி வை.

இங்கிருந்து பேச அவள் நம்பரை மட்டும்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரெண்டு வருஷமாக மணி மட்டும் அடிக்கிறது, எடுப்பதில்லை. என்னவென்று பார்.

பதில் வரும் வரை வாசலைப் பார்த்திருக்கும்
மணவாளன்

2

மேல வீதி, சிதம்பரம்
9.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அரசு வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் கடிதம் கண்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எல்லோரும் என்றால் நானும் அக்காவும்தான். உங்கள் முட்டிவலி இப்போது எப்படி?

அக்கா நன்றாக இருக்கிறாள். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, அண்ணாமலை நகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போகிறாள். காலை ஏழு மணிக்குப் போனால் வர மாலையாகிவிடுகிறது. அதனால்தான் கடலூர் வந்து உங்களைப் பார்க்க முடியவில்லை. போனில் அதே ஸ்பீக்கர் கோளாறு. நானே பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களைக் கேட்டதாகச் சொன்னாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

படத்துக்கு ஊரே பைத்தியமாகத் திரிகிறது. பஸ் ஸ்டாண்டில் எல்டானுக்கு நாற்பதடி பேனர், அதற்குப் பால் வேறு ஊற்றப் போகிறார்களாம். என் கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகளில் பாதிப் பேர் செல்போன் உறையில் உப்பு ராணிதான் கையைத் தூக்கி நிற்கிறாள். நானே முந்நூறு உறை விற்றிருக்கிறேன். முதல் நாளே பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பரோல் விஷயம் அக்காவிடம் சொல்கிறேன். கவலை வேண்டாம்.

உங்கள் அன்பு மறவாத
திருநாவுக்கரசு

3

(இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை.)

சிதம்பரம்
12.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று அக்காவைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படம் வேஸ்ட் மாமா.

கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். மூன்று மணி பத்து நிமிஷம். முதல் ஒரு மணி நேரம் தாடி வைத்த எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து போருக்குப் போகலாமா வேண்டாமா என்று பேசுகிறார்கள். நம்ம ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டம்கூட அதைவிடச் சீக்கிரம் முடியும். அப்புறம் ஒரு ஆடு வருகிறது. பேசும் ஆடு. தமிழ்க் குரல் கொடுத்தவர் அதை மதுரைத் தமிழில் பேச வைத்திருக்கிறார், ஏன் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் சண்டை. நீலப் புகை, பச்சைப் புகை, மறுபடி நீலப் புகை. 3டி கண்ணாடியைப் போட்டாலும் கழற்றினாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. பால் ஊற்றியவர்களே இடைவேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். ராணியே இல்லை மாமா.

எல்டான் பத்தாவது நிமிஷமே துறைமுகத்துக்கு வந்துவிடுகிறான். சிலை நின்ற இடம் காலியாக இருக்கிறது. ஒரு கிழவன் வலை பின்னிக்கொண்டு, “ராணி போய்விட்டார்” என்கிறான். எல்டான் “சரி” என்கிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பேச்சே கிடையாது. அந்த நடிகைக்கும் கம்பெனிக்கும் தகராறு என்று வெளியில் வந்து பேசிக்கொண்டார்கள். ஆறு வருஷம் ஜனங்கள் காத்திருந்தது அந்த இமைக்காக. அதற்கு ஒரு வரி.

எனக்கு வயிறு எரிந்தது. அக்கா சிரித்தாள். வண்டியில் வரும்போதுதான் சொன்னாள். “அவளாவது எறங்கிப் போனாளே, நல்லதாப் போச்சு. கைய தூக்கிக்கினு எத்தினி வருசம் நிப்பா.”

அப்போதே பரோல் விஷயத்தைச் சொன்னேன். ஒரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே, “நான் கையெழுத்து போட மாட்டேன். அதையும் எழுதிடு” என்றாள். அவள் போனில் ஒரு கோளாறும் இல்லை மாமா. உங்கள் நம்பர் வந்தால் மேஜையில் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். நீங்கள் எழுதுகிற கடிதங்களை மட்டும் எடுத்துப் படிக்கிறாள். படித்துவிட்டு மடித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறாள்.

எனக்கு இதை

4

சிதம்பரம்
13.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் சௌக்கியம். தேர் முடிந்த அசதியில் ஊர் தூங்குகிறது. உங்கள் பிளாக்கில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

படம் பார்த்தோம். பிரமாதம். ஒரே கடிதத்தில் எழுதினால் வீணாகிவிடும், பகுதி பகுதியாக எழுதுகிறேன்.

எல்டான் இன்னும் கடலில்தான் இருக்கிறான். துறைமுகத்தில் மழை பெய்கிறது. சிலை மேல் நீர் விழ விழ உப்பு கரைகிறது. முதலில் விரல் நுனி, அப்புறம் மணிக்கட்டு. மீன் விற்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். இமை திறக்கிறது. ராணி கையைக் கீழே இறக்குகிறாள். ஆறு வருஷம் தூக்கிய கை அல்லவா, தோள்பட்டையைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறாள். பிறகு, “இந்த விளக்குக்கு யாருமே எண்ணெய் ஊத்தலையா” என்று கேட்டுக்கொண்டே படியேறுகிறாள். தியேட்டரில் விசில் நிற்கவில்லை. தேவசகாயம் அண்ணனிடம் சொல்லுங்கள், முழித்துவிட்டாள்.

அக்காவுக்குப் படம் ரொம்பப் பிடித்தது. வழியெல்லாம் உங்களைப் பற்றித்தான் பேச்சு.

மீதி அடுத்த கடிதத்தில்.
திருநாவுக்கரசு

5

கடலூர் மத்திய சிறை
27.7.2025

அருமை மச்சானுக்கு,

நலம். முட்டிவலி போன இடம் தெரியவில்லை.

உன் கடிதத்தை நான் மூன்று தடவை சத்தமாகப் படிக்க வேண்டியதாயிற்று. தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறாள் என்ற இடத்தில் தேவசகாயம் அண்ணன் கண்ணைத் துடைத்தார். அவர் பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறார், யாரும் அவரைப் பார்க்க வருவதில்லை. சாமிக்கண்ணு என்று ஒரு சந்தேகப் பிராணி உண்டு. உப்பு மழையில் கரையும் என்றால் ஆறு வருஷமாக அந்த ஊரில் மழையே இல்லையா என்று கேட்டான். எல்லோரும் சேர்ந்து அவன் வாயை அடைத்தோம். இருந்தாலும் அடுத்ததில் அதற்கு ஒரு பதில் எழுதிவிடு, படத்தில் ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

எங்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற ஐயா ஒருவர் இருக்கிறார். உன் கடிதத்தை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்துதான் கொடுத்தார். கேட்டதற்குச் சிரித்தார். அவரும் மாட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ராணியைப் பற்றி ஜாஸ்தி எழுது. சண்டையைக் குறைத்துக்கொள்.

பவானி போன் இன்னும் ரிப்பேரா? ஊர் போனையெல்லாம் சரி செய்கிற உன் கையில், உன் வீட்டுப் போன் மட்டும் ரெண்டு வருஷமாகப் படுத்திருக்கிறது. வேண்டுமானால் உன் நம்பரையும் எழுதிக் கொடுக்கலாம். கொடுக்கவில்லை. கொடுத்தால் அவள் எடுக்கமாட்டாள் என்று நானே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும்.

படம் பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள்? அவள் சொன்னதை அப்படியே எழுது.

மணவாளன்

6

சிதம்பரம்
17.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆடி மாதக் கூட்டம், கடையில் நிமிர நேரமில்லை. உங்கள் சுகத்துக்குக் குறைவில்லை என்று அறிந்து மகிழ்ச்சி.

சாமிக்கண்ணு அண்ணனுக்குப் பதில்: ஒன்பதாம் விளக்கு அணைந்ததால்தான் அந்தத் தீவில் மழை இல்லாமல் போயிருந்தது. எல்டான் எங்கோ நெருப்பைத் தொட்ட நிமிஷத்தில்தான் முதல் மழை விழுகிறது. படத்தில் தெளிவாகவே காட்டுகிறார்கள்.

ராணி இப்போது விளக்கு மாடத்தில் தனியாக இருக்கிறாள். எட்டுத் தீவிலிருந்தும் தாடிக்காரர்கள் வந்து, எல்டான் செத்துவிட்டான், நீ எங்களோடு வந்துவிடு என்கிறார்கள். அவள் திரியைத் திரித்துக்கொண்டே கேட்கிறாள். எல்லோரும் பேசி முடித்த பிறகு, “பேசி முடிச்சாச்சுன்னா எறங்குங்க, கூட்டிப் பெருக்கணும்” என்கிறாள். எட்டுப் பேரும் படியில் இறங்குகிற காட்சி அருமை.

அக்கா சொன்னதைக் கேட்டிருந்தீர்கள். “ராணி காத்திருந்தது போல நானும் காத்திருக்கிறேன், கவலைப்படாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னாள்.

என்றும் உங்கள்
திருநாவுக்கரசு

7

கடலூர் மத்திய சிறை
31.8.2025

அரசுக்கு,

சுகமே. உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

இந்த முறை சுருக்கமாக எழுதுகிறேன். பரோல் மனு மேலே போய்விட்டது. செப்டம்பர் கடைசி வாரம் அல்லது அக்டோபர் முதல் வாரம் நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார். பவானியை அன்றைக்கு லீவு போடச் சொல். அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான், இவர் வீட்டுக்கு வர உங்களுக்குச் சம்மதமா என்று.

கூட்டிப் பெருக்கணும் என்ற இடத்தில் பிளாக் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் படுத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்டான் வந்து சேர்ந்தானா? அதை எழுது.

மணவாளன்

8

சிதம்பரம்
14.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். மழைக்கு முன்னால் கூரை ஓடுகளை மாற்றினோம்.

இதுதான் கடைசிப் பகுதி. எல்டான் வந்து சேர்கிறான். கப்பல் இல்லை, ஆள் இல்லை, ஒரு உடைந்த படகு. சட்டை கிழிந்திருக்கிறது. நெருப்பும் கையில் இல்லை, வழியிலேயே அணைந்துவிட்டது. ஆனால் அவன் துறைமுகத்தில் இறங்கி, நெருப்பைக் கொண்டு வந்துவிட்டேன், பின்னால் வருகிறது என்று பொய் சொல்கிறான். ஊர் நம்பிவிடுகிறது. ராணி மாடத்திலிருந்து இறங்கி வந்து அவனை மேலும் கீழும் பார்க்கிறாள். கேட்டுவிட்டுச் சொல்கிறாள்: “மொதல்ல சாப்புடு. அப்பறம் பொய் சொல்லு.”

அவன் சாப்பிடுகிறான். அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அதோடு படம் முடிகிறது.

அக்கா உங்களுக்காகக் காத்திருக்கிறாள்.

திருநாவுக்கரசு

9

கடலூர் மத்திய சிறை
28.9.2025

அரசு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

உன் கடைசிக் கடிதத்தை நான் பிளாக்கில் படித்துக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன். மொதல்ல சாப்புடு, அப்பறம் பொய் சொல்லு. எத்தனை நாள் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். பண்ருட்டியில் பலா லோடு இறக்கிவிட்டு, வாடையோடு வீட்டுக்கு வந்து, குடிக்கவில்லை என்று நான் வாசலிலேயே ஆரம்பிப்பேன். அவள் தட்டை வைத்துக்கொண்டே சொல்வது அதுதான். அந்த வெள்ளைக்கார ராணிக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் கடிதம் பார்க்கிற ஐயாவிடம் போய்க் கேட்டேன், நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று. ஜூலையிலேயே பிள்ளைகளோடு பாண்டிச்சேரியில் பார்த்தாராம். பாதியில் தூங்கிவிட்டாராம். “யோவ், அந்தப் படத்துல ராணியே கெடையாது. ஒன் மச்சான் எழுதுறதுதான்யா படம். நீங்க இருவத்தெட்டு பேரும் வாயத் தொறந்து கேக்குறீங்க, அத நான் ஏன் கெடுக்கணும்?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன் மேலும் படத்துக்காகக் கோபம் இல்லை. மோசமான படத்தை நல்லதாக்கி எழுதினாய், அது உன் குணம். ஆனால் அன்று ராத்திரியிலிருந்து உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்து மறுபடி படிக்கிறேன். நீ எழுதிய ராணி அச்சு அசலாகப் பவானி மாதிரி பேசுகிறாள். நீ எழுதிய பவானிதான் பவானி மாதிரி பேசவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கவலைப்படாதீர்கள், காத்திருக்கிறேன். என் பெண்டாட்டி ஒருநாளும் இப்படிப் பேசினவள் இல்லை. இரண்டு வருஷமாக எனக்கு எப்படி இது உறைக்கவில்லை என்றுதான் தெரியவில்லை. கேட்க நன்றாக இருந்தது, அதனால் இருக்கலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது அரசு. இருந்தாலும் கேட்கிறேன். அவள் உண்மையில் என்ன சொன்னாள்? ஒரு வார்த்தை கூட்டாமல் எழுது.

பிளாக்கில் யாருக்கும் நான் சொல்லவில்லை. அவர்கள் ராணியோடு இருக்கட்டும்.

மணவாளன்

10

சிதம்பரம்
9.10.2025

மாமாவுக்கு,

வணக்கம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உடம்பைக் கேட்கவும் தைரியமில்லை.

ஜூலை பன்னிரண்டாம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இதோடு சேர்த்திருக்கிறேன். அது பாதியில் நிற்கும். அதில் இருப்பதெல்லாம் உண்மை. நான் ஏன் மாற்றி எழுதினேன் என்று கேட்டால், நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், ராணி இல்லை என்று எழுதக் கை வரவில்லை. அங்கே ஆரம்பித்தது. அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். மன்னித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை நன்னடத்தை அலுவலர் வந்தார், ஒரு அம்மா. அக்கா லீவு போடவில்லை. வேலையிலிருந்து நேராக வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஏதேதோ கேட்டார், எத்தனை வருஷம் குடித்தனம், குழந்தை இல்லையா, அவர் அடிப்பாரா என்றெல்லாம். அடித்ததில்லை என்றாள். குடிப்பாரா என்றதற்கு, அதற்குத்தானே உள்ளே இருக்கிறார் என்றாள். கடைசியில் சம்மதமா என்று கேட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“வரட்டும் மேடம். வெளிய வர்றது என்னால நின்னுச்சுன்னு இருக்க வேணாம். பத்து நாளும் வீடு இருக்கும், சோறு இருக்கும், தம்பி இருப்பான். நான் இருக்க மாட்டேன். அதையும் எழுதிக்குங்க.”

அவர் காரணம் கேட்டார். அதற்கும் சொன்னாள்.

“அவுரு எழுதுன கடுதாசி ஒண்ணு விடாம படிச்சேன். படத்துல ராணி எப்டி இருக்கா, வீட்ல பவானி எப்டி இருக்கா. மூணு வருச கடுதாசில, லாரியில அடிபட்டு செத்துப்போன அந்தப் புள்ள பேரு ஒரு எடத்துல இல்ல. கெட்ட நேரமாம், விபத்தாம். குடிச்சிட்டு ஏத்துனேன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் அன்னிக்கே பஸ்ஸு ஏறி வந்திருப்பேன்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நீங்கள் வரும் நாட்களில் தன்னோடு வேலை செய்கிற வினோதினி வீட்டில் தங்கிக்கொள்வாள். நான் நிறைய கேட்டுப் பார்த்தேன். கேட்காதே என்று சொல்லிவிட்டாள்.

வாருங்கள் மாமா. நான் பேருந்து நிலையத்துக்கு வருகிறேன்.

திருநாவுக்கரசு

11

மேல வீதி, சிதம்பரம்
7.12.2025

பவானி,

நீ நன்றாக இருக்கிறாய் என்று அரசு சொன்னான். இந்த முறை நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பத்து நாளும் டவுன் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட்டேன். குடிக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்பதில்லை.

உன் தம்பி அந்தப் படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். வேண்டாம் மாமா என்றான், நான்தான் கேட்டேன். முழுசாகப் பார்த்தேன். அவன் அனுப்பாமல் வைத்த கடிதத்தில் இருந்தது சரிதான், ரொம்ப மோசம். கிழவன், ராணி போய்விட்டார் என்றான். எல்டான் சரி என்றான். எங்கே போனாள், ஏன் போனாள் என்று அவன் ஒரு வார்த்தை கேட்பான் என்று கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். கேட்கவே இல்லை. எனக்கு அவன் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. அப்புறம் என் மேல் வந்தது. நானும் மூன்று வருஷமாக உன்னைக் கேட்கவில்லை.

நீ அலுவலரிடம் சொன்னதை அரசு எழுதியிருந்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

2022 ஜூன் பதினெட்டாம் தேதி நான் குடித்துவிட்டு லாரி ஓட்டினேன். திருவதிகை திருப்பத்தில் பைக்கில் வந்த பையன் மேல் ஏற்றினேன். அவன் பெயர் அருண்பாண்டியன். வயசு பத்தொன்பது. வண்டி குலுங்கியது எனக்குத் தெரிந்தது. நிறுத்தாமல் பத்து நிமிஷம் ஓட்டினேன். பிறகுதான் நிறுத்தினேன். அந்தப் பத்து நிமிஷத்தை நான் கோர்ட்டில் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். உடனே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை திருவதிகைக்குப் போனேன். கேட்டுக் கேட்டு அந்தத் தெருவைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் அவன் போட்டோ, மாலை போட்டிருந்தது. அவன் அம்மா வெளியே வந்து, “யாருப்பா வேணும்?” என்று கேட்டார். கோபம் இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார். என்னைக் கோர்ட்டில் பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது. நான், “வீடு மாறி வந்துட்டம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். குடிக்காமலே ஒரு பொய். அடுத்த பரோலில் போவேன் என்று இப்போது எழுதினால் அதுவும் சும்மா எழுதியதாகிவிடும். போனால் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சிறைப் போனில் உன் நம்பரை எடுத்துவிட்டு அரசு நம்பரை எழுதிக் கொடுக்கப் போகிறேன். மணி அடித்து அடித்து நீ அதைக் கவிழ்த்து வைக்க வேண்டாம்.

மாலை ஐந்து மணிக்குள் கடலூரில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி பஸ்ஸில் போகிறேன். சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நான் படுத்த பாயைச் சுருட்டி அரசு அறையில் வைத்துவிட்டேன். சாயங்காலம் நீ வீட்டுக்கு வரலாம்.

மணவாளன்